பாட்டியின் பெரட்டும் எங்கள் 15 நிமிடமும்

கடந்த தவணையின் இடைவிடுமுறைக்குப் பிரிஞ்சாங் வந்திருந்தேன். தினமும் காலை 7.30 மணிக்கு வீட்டு வாசலில் நின்று கைப்பேசியில் பேசுவேன். எங்கள் தோட்டத்து வீட்டுக்குள் இணையம் சரியாகக் கிடைக்காது. துணி காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில்தான் கொஞ்சம் கிடைக்கும். பனி விலகாத அந்த நேரத்தில் என் இடுபணிக் குழுவினர் ஐந்து பேரும் திரையில் வரிசையாகத் தெரிவோம். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், எது தடையாக இருக்கிறது. இந்த மூன்றுக்கும் ஒவ்வொருவராகப் பதில் சொல்வோம். 15 நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும்.

இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி, மூன்றாம் நாள் கேட்டுவிட்டார்: “ஏம்மா, இது பெரட்டு தானே?”

தோட்ட வாழ்க்கை தெரியாத பட்டண மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. விடியும் முன் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்குப் போக வேண்டும், என்ன வேலை என்று பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. என் பாட்டி கொழுந்து பறித்தவர். பல ஆண்டுகள் பெரட்டுக்கு நின்றவர்.

“இல்ல பாட்டி, இது அஜைல்” என்று சொல்லிச் சிரித்தேன். அவர் கேட்டதில் பாதி உண்மை இருந்தது என்பது தவணையின் நடுவில்தான் எனக்கு உறைத்தது.

நான் வணிக நிர்வாகம் படிக்கிறேன். முதலாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு வணிகத் திட்ட இடுபணி இருந்தது. ஆறு பேர், 40 பக்கம், 14 வாரம். முதல் பத்து வாரம் புலனக் குழுவில் “நேரம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்” என்ற செய்திதான் அதிகம். பக்கங்களைப் பிரித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு மூலையில் எழுதினோம். கடைசி இரண்டு இரவில் ஒட்டுப்போட்டோம். படைப்பு நாளில் விரிவுரையாளர் கேட்டது ஒரே கேள்வி: “இதை யாருக்கு விற்கிறீர்கள்?” நான் மாணவர்களுக்கு என்றேன். நிதிப் பகுதி எழுதிய தோழி குடும்பங்களுக்கு என்றாள். அவள் விலையைக் கணக்கிட்டதும் குடும்பங்களை வைத்துத்தான். இரண்டு பதில்களும் ஒரே அறிக்கையில் இருந்தன! எங்களுக்குக் கிடைத்தது ‘சி’.

பி.டி.பி.டி.என். கடனில் படிப்பவர்களுக்கு ஒரு ‘சி’ எவ்வளவு வலிக்கும் என்பது தெரிந்திருக்கும். முதல் வகுப்பில் பட்டம் பெற்றால் அந்தக் கடனுக்கு விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். கொழுந்து பறித்த குடும்பத்துக்கு அது சிறிய தொகை அல்ல. அந்த வாய்ப்பை முதல் ஆண்டிலேயே மெலிய வைத்துவிட்டேனே என்று பல நாள் தூக்கம் வரவில்லை.

இரண்டாம் ஆண்டில் இதே போன்ற ஒரு பாடம் வந்தது. ஆனால், விரிவுரையாளர் முதல் வகுப்பிலேயே கடைசியில் தடித்த அறிக்கை கிடையாது என்று சொல்லிவிட்டார். முதல் வாரம் குழு அமைக்க, கடைசி வாரம் முடித்துவைக்க. இடையில் உள்ள 12 வாரத்தை மூன்று மூன்று வாரமாக நான்கு சுற்றாகப் பிரித்தார். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஏதாவது ஒன்றைச் செய்து முடித்து, உண்மையான வாடிக்கையாளரிடம் காட்ட வேண்டும். அவர் சொல்வதைக் கேட்டுத்தான் அடுத்த சுற்றைத் திட்டமிட வேண்டும். இந்தச் சுற்றுக்குப் பெயர் ஸ்பிரிண்ட். முறையின் பெயர் ஸ்க்ரம். அஜைல் என்ற பெரிய குடைக்குள் வரும் பல முறைகளில் அதிகம் பேசப்படுவது இதுதான்.

தேயிலை பார்த்து வளர்ந்த எனக்கு இது புரியச் சிரமமாக இல்லை. ஒரு மலையின் கொழுந்தை ஆண்டுக்கு ஒரே தடவையில் பறிக்க முடியாது. சில வாரத்துக்கு ஒருமுறை அதே நிரைக்குத் திரும்பி வர வேண்டும். தாமதித்தால் இலை முற்றிவிடும். மழை, வெயில் எப்படி இருந்தது என்பதைப் பொறுத்து அடுத்த சுற்றில் கிடைக்கும் கொழுந்தும் மாறும். எங்கள் ஊர்ப் பக்கம் சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குச் சுற்றுலா வந்து படம் எடுக்கும் பலர், அந்தப் பச்சை எப்போதும் அப்படியே இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

அஜைல் என்றால் கணினிக்காரர்களின் சமாச்சாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதில் உண்மை உண்டு. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்டு என்ற மலை வாசத்தலத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அஜைல் என்ற பெயர் அங்குதான் நிலைத்தது. திட்டத்தை அப்படியே பின்பற்றுவதைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதும், ஒப்பந்தத்தில் மல்லுக்கட்டுவதைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்வதும் மேல் என்பது அதன் சாரம்.

ஆனால், ஸ்க்ரம் என்ற சொல்லின் வேர் வணிகப் படிப்பில் இருக்கிறது. 1986இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ இதழில் ஜப்பானியப் பேராசிரியர்கள் ஹிரோதகா தாக்கேயுச்சி, இக்குஜிரோ நொனாகா இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஹோண்டா, கேனன், ஃபுஜி ஜெராக்ஸ் போன்ற நிறுவனங்கள் புதிய பொருள்களை எப்படி விரைவாக உருவாக்குகின்றன என்று ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவு முடித்து அடுத்த பிரிவிடம் கொடுக்கும் அஞ்சல் ஓட்டம் போல வேலை அங்கே நடக்கவில்லை. ரக்பி அணி பந்தைத் தங்களுக்குள் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டு மொத்தமாக முன்னேறுவது போல நடந்தது. ரக்பியில் இரண்டு அணியினரும் தோளோடு தோள் முட்டி நிற்பார்களே, அதன் பெயர்தான் ஸ்க்ரம். அந்த ரக்பி உவமையிலிருந்து ஜெஃப் சதர்லேண்டும் கென் ஷ்வேபரும் மென்பொருளுக்கு ஏற்ற முறையை வகுத்து 1995இல் முன்வைத்தார்கள். பின்னர் அது வங்கிகளுக்கும் போனது. நெதர்லாந்தின் ஐ.என்.ஜி. வங்கி 2015இல் தலைமையகத்தின் ஏறக்குறைய 3,500 ஊழியர்களைச் சிறு சிறு குழுக்களாக மாற்றியமைத்தது. அதே நாட்டில் அல்ஃபென் நகரத்து வேதியியல் ஆசிரியர் வில்லி வைனாண்ட்ஸ், 2011இல் தம் பள்ளி வகுப்பிலேயே இதைத் தொடங்கி ‘எடுஸ்க்ரம்’ என்று பெயரிட்டார். ஆக, வணிக வகுப்புக்கு இது புதிய விருந்தாளி அல்ல. ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்பிய பிள்ளை.

எங்கள் குழுவுக்கு வாடிக்கையாளர் வேண்டும். பிரிஞ்சாங்கில் சாலையோரம் தேநீர்க்கடை நடத்தும் என் சித்தியைக் கேட்டேன். வார இறுதியில் சுற்றுலாப் பயணிகளால் கடை நிரம்பும். திங்கள் முதல் வியாழன் வரை ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்த நான்கு நாள் வியாபாரத்தை உயர்த்துவதே எங்கள் இலக்கு.

செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிட்டோம். 23 வேலைகள் வந்தன. ஒவ்வொன்றையும் ஒரு வண்ணத்தாளில் எழுதி, ‘செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது’ என்று மூன்று கட்டம் போட்ட பலகையில் ஒட்டினோம். எது முதலில் என்று முடிவு செய்யும் பொறுப்பு கிளந்தானிலிருந்து வந்த நண்பருக்கு. கூட்டங்களை நடத்தித் தடைகளை நீக்கும் ஸ்க்ரம் மாஸ்டர் பொறுப்பு எனக்கு.

முதல் சுற்றின் முடிவில் சித்திக்குக் காணொளி வழி மூன்றைக் காட்டினோம். மூன்று வண்ணத்தில் ஒரு சின்னம், ஓர் இன்ஸ்டாகிராம் பக்கம், ஆங்கிலத்தில் 20 கேள்வி கொண்ட ஆய்வுப் படிவம். சித்தி பொறுமையாகப் பார்த்தார்.

“நல்லா இருக்கு. ஆனா செவ்வாய்க்கிழமை என் கடைக்கு யாரு வர்றாங்கன்னு கேட்டீங்களா?”

ஐந்து பேரும் வாயைத் திறக்கவில்லை. ஒருவரும் கேட்கவில்லை. நான் அந்த ஊரிலேயே பிறந்தவள், நானும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வருபவர்கள் காய்கறித் தோட்டங்களில் வேலை செய்யும் வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளர்கள். காய்கறி ஏற்றிக்கொண்டு கீழே இறங்கும் லாரி ஓட்டுநர்கள். அவர்களுக்கு எங்கள் ஆங்கிலப் படிவம் எதற்கு? 23 தாள்களில் 14ஐப் பலகையிலிருந்து கிழித்து எடுத்தோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சின்னம் வரைவதற்கே இரண்டு இரவு போயிருந்தது.

ஆனால், இது நடந்தது நான்காம் வாரத்தில் என்பதைக் கவனியுங்கள். பழைய முறையில் என்றால் 40 பக்கமும் எழுதி முடித்து, 14ஆம் வாரத்தில்தான் இது தெரிந்திருக்கும். தெரியாமலே போயிருக்கவும் கூடும். ஏனென்றால், சித்தி அந்த அறிக்கையைப் படித்திருக்கவே மாட்டார்.

இடைவிடுமுறையில் நான் ஊருக்கு வந்தது அதற்காகத்தான். இரண்டு நாள் காலை 5.30 மணிக்குக் கடை வாசலில் நின்று போவோர் வருவோரை எண்ணினேன், மலாயில் பேசினேன். விசயம் வெளிவந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கு 6.30க்கு முன் கையில் உணவுப் பொட்டலம் வேண்டும். சித்தி கடை திறப்பதோ 8 மணிக்கு.

எங்கள் யோசனையைக் கேட்டுச் சித்தி உடனே மகிழ்ந்துவிடவில்லை. “நாலு மணிக்கு எழும்பணும். என் முட்டி வலிய யாரு கேக்கறது? மிஞ்சுனா யாரு காசு?” நியாயமான கேள்விகள். பாடப்புத்தகத்தில் ‘இடர்’ என்று ஒற்றைச் சொல்லில் கடந்துபோவதை, குளிரில் எழும்ப வேண்டிய ஒருவர் நேரில் கேட்கும்போதுதான் அதன் எடை தெரிகிறது. மூன்று நாள் மட்டும் செய்து பார்க்கலாம், நாசி லெமாக் மட்டும் போதும், முதல் நாள் இரவே புலனத்தில் குரல் பதிவாகச் சொல்பவர்களுக்கு முன்னுரிமை என்று பேசி முடித்தோம். எழுத்து வேண்டாம் என்றது சித்திதான். பேசும் மலாய் எல்லாருக்கும் வரும், எழுதுவது வராது.

முதல் நாள் ஏழு பொட்டலம். இரண்டாம் நாள் மழை, வேலை தாமதம், 11 பொட்டலம் மிஞ்சியது. மூன்றாம் நாள் சொன்னவர்களுக்கு மட்டும் சமைத்தார், 19 போனது. உடனே வெற்றி என்று குதிக்க வேண்டாம். சித்தியின் கூடுதல் இரண்டு மணி நேரத்துக்கும் ஒரு கூலி வைத்துக் கிள்ளான் தோழி கணக்குப் போட்டபோது இலாபம் மிக மெலிதாக இருந்தது. அதையும் அப்படியே காட்டினோம்.

அந்த இரண்டாம் சுற்றில்தான் நான் தவறு செய்தேன். கெடா நண்பன் ஒருவன், இரவில் உணவு விநியோக வேலை பார்ப்பவன். மூலப்பொருள் விலைப்பட்டியல் அவன் பொறுப்பு. இரண்டு காலை அவன் “முடியவில்லை” என்றான். “நேற்றும் முடிக்கலையா?” என்று எல்லார் முன்னிலும் கேட்டேன். மூன்றாம் நாளிலிருந்து “80 விழுக்காடு முடிந்தது” என்று சொல்லத் தொடங்கினான். தினமும் அதே 80. சுற்று முடிந்த அன்று பட்டியலில் ஒன்றுமே இல்லை. கணக்கை மறுபடி நாங்கள் அவசரமாகச் செய்ய வேண்டியதாயிற்று.

ஸ்க்ரம் முறையில் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வேலையைப் பற்றி அல்லாமல், வேலை செய்த விதத்தைப் பற்றிப் பேசும் ஒரு கூட்டம் உண்டு. விரிவுரையாளர் பெயர் போடாமல் துண்டுத்தாளில் எழுதச் சொன்னார். ஒரு தாளில் இருந்தது: “காலைக் கூட்டத்தை நினைத்தாலே வயிறு கலங்குகிறது.”

அன்று இரவு பாட்டிக்கு அழைத்துப் பெரட்டைப் பற்றிக் கேட்டேன். “கங்காணி பேர் கூப்பிடுவாரு. லேட்டா போனா திருப்பி அனுப்பிடுவாரு, அன்னைக்குக் கூலி இல்ல. புள்ளைக்குக் காய்ச்சலா, கூட கிழிஞ்சிருக்கான்னு யாரும் கேக்க மாட்டாங்க.” பிறகு அவராகவே, “ஒங்க கூட்டத்துல கேப்பீங்க இல்ல?” என்றார்.

நாங்கள் கேட்கவில்லை. ‘எது தடை’ என்ற மூன்றாம் கேள்வியை ஒப்புக்குக் கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த ஆளுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பெயர் ஸ்க்ரம் மாஸ்டர், செய்தது கங்காணி வேலை.

பிறகுதான் ஸ்க்ரம் வழிகாட்டியைத் தேடிப் படித்தேன். சதர்லேண்டும் ஷ்வேபரும் 2010இல் முதலில் வெளியிட்டு, அவ்வப்போது திருத்திவரும் மெல்லிய ஆவணம் அது. அதன் 2020 பதிப்பில் அந்த மூன்று கேள்விகளே இல்லை. 15 நிமிடக் கூட்டம் இருக்கிறது. அதை எப்படி நடத்துவது என்பதைக் குழுவிடமே விட்டுவிட்டார்கள். நாங்கள் இணையத்தில் பார்த்த பழைய படத்தை வேதம் போல் பிடித்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் சுற்றில் ஆளைக் கேட்பதை நிறுத்திப் பலகையைக் கேட்டோம். எந்தத் தாள் முடியும் தறுவாயில் இருக்கிறது, அதை இன்று முடிக்க யார் கைகொடுக்க முடியும்? இரவு வேலை முடிந்து வருபவனுக்குக் காலை 7.30 ஆகாது என்பதால் நேரத்தை மதியத்துக்கு மாற்றினோம். விலைப்பட்டியலை அவனும் சரவாக் தோழியும் சேர்ந்து ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து முடித்தார்கள். இரண்டு மணி நேர வேலை. அதற்காக மூன்று வாரம் ஒருவனைப் பொய் சொல்ல வைத்திருந்தேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, வண்ணத்தாள் வாங்கப் புறப்பட்டுவிடாதீர்கள். அந்தப் பாடத்தில் இது ஓரளவு நடந்ததற்குக் காரணம் மதிப்பெண் பிரித்த விதம் என்று நான் நினைக்கிறேன். 60 மதிப்பெண் நான்கு சுற்றுகளுக்கும் சமமாகப் போனது. எதைக் கைவிட்டோம், ஏன் கைவிட்டோம் என்பதை ஆதாரத்தோடு சொன்னால் அதற்கும் மதிப்பெண் உண்டு. கிழித்த 14 தாளுக்கும் எங்களுக்கு மதிப்பெண் வந்தது! அதே தவணையில் வேறொரு பாடத்திலும் அஜைல் என்றார்கள். அங்கே மதிப்பெண் முழுவதும் கடைசி அறிக்கைக்கு. விளைவு உங்களுக்கே தெரியும். சமர்ப்பிப்பதற்கு முந்தின இரவு உட்கார்ந்து, 12 வாரத்துக்கான தாள்களையும் ஒரே மூச்சில் ‘முடிந்தது’ கட்டத்துக்கு நகர்த்திப் படம் பிடித்தோம்.

எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்றும் சொல்ல மாட்டேன். கணக்கியலின் பற்று வரவை வாடிக்கையாளரைக் கேட்டுக் கற்க முடியாது, வரிசையாகப் படித்துத்தான் ஆக வேண்டும். மண்சரிவு பார்த்த கேமரன் மலைக்காரி என்ற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன்: மலைச்சரிவுக்குத் தடுப்புச்சுவர் கட்டுபவர் பாதி கட்டிக் காட்டிவிட்டு எங்கள் கருத்தைக் கேட்க வேண்டாம், முழுத் திட்டத்தோடு வரட்டும். என்ன வேண்டும் என்பதே சரியாகத் தெரியாத இடத்தில்தான் சுற்றுமுறைக்கு வேலை. சித்தி கடை அப்படி. பெரும்பாலான புதிய வியாபாரங்களும் அப்படித்தான்.

இடைநிலைப்பள்ளியில் இருப்பவர்கள் பல்கலைக்கழகம் வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் பள்ளிக் கூட்டுறவுக் கடையில் ஒரு புதிய பொருளை விற்கப் போகிறீர்கள் என்றால், 50 வாங்கி அடுக்கும் முன் ஐந்து வாங்கி இரண்டு நாள் விற்றுப் பாருங்கள். வாங்காமல் போனவரிடம் காரணம் கேளுங்கள். வாங்கியவர் சொல்வதைவிட அது அதிகம் உதவும்.

சித்தி இப்போது திங்கள், புதன், வியாழன் மூன்று நாள் மட்டும் காலை 6 மணிக்குக் கடை திறக்கிறார். எந்த நாள் என்பதை அவரே முடிவு செய்தார், எங்கள் பரிந்துரை வேறு. நாங்கள் வரைந்த சின்னத்தை எங்கும் காணோம். எங்களுக்கு அந்தப் பாடத்தில் ‘ஏ கழித்தல்’ வந்தது. முதல் வகுப்புக்கு இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும்.

இந்தத் தவணையில் வந்திருக்கும் குழு இடுபணிக்கு மதிப்பெண் முழுவதும் கடைசி அறிக்கைக்குத்தான். இருந்தாலும் நான்கு பேர் சேர்ந்து மூன்று வாரச் சுற்று வைத்துக்கொண்டிருக்கிறோம். வரும் வெள்ளிக்கிழமை முதல் சுற்று முடிகிறது. காட்டுவதற்கு ஒன்றரைப் பக்கமும் ஒரு விலைப்பட்டியலும் இருக்கின்றன. இந்த முறை ஸ்க்ரம் மாஸ்டர் நான் இல்லை.